சத்தம் குறைந்த சைலன்சர்

மூன்று சைலன்சர்களையும் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்திவிட்டு, நிஜாமுதீன் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இது பாட்டிலு. இது மீன்வாலு. இது கம்பெனி மாதிரியே வெளியில அடிக்கிறது, கொஞ்சம் நெட்டை. மூணும் புல்லட்டுக்குப் பூட்டறதுதான். உங்களுக்கு எது சார்?"

"எதுல சத்தம் கம்மி?" என்று கேட்டான் சிவப்பிரகாசம்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையோரம் அவர் பட்டறை போட்டு ஆறு வருஷம் ஆகிறது. புல்லட்டுக்குச் சைலன்சர் மாற்ற வந்தவர்களில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. சத்தத்துக்காகத்தான் எல்லோரும் வருவார்கள். உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டையும் கழற்றி எறியச் சொல்வார்கள். நான் தெருமுனை திரும்பும்போதே வீட்டில் சாப்பாட்டுக்கு இலை விழ வேண்டும் என்பார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு சிரித்தார். கிருமாம்பாக்கத்தில் பன்னிரண்டு காணி கரும்பு வைத்திருப்பவர். அவருடைய புல்லட்டும் பட்டறையில்தான் நின்றது.

"இன்னா இன்ஸ்பெக்டரு, சத்தம் வாணாம்னா ஒரு சைக்கிள் வாங்கி மிதிக்க வேண்டியதுதான?"

சிவப்பிரகாசம் சைலன்சர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சிதம்பரத்தில் விவசாயம் படித்துவிட்டு, சர்க்கரை ஆலையில் கரும்பு இன்ஸ்பெக்டராக இருந்தான். வயது இருபத்தொன்பது. எந்த வயலில் கரும்பு முற்றியிருக்கிறது என்று பார்த்து வெட்டு உத்தரவு எழுதுவது அவன் வேலை. பாகூர்ப் பக்கம் அவன் புல்லட் சத்தம் கேட்டாலே விவசாயிகள் வரப்புக்கு வந்து நிற்பார்கள். அப்போதெல்லாம் அவனும் நின்று பேசுவான். இப்போது தாளை நீட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறான்.

அவன் மனைவி ருக்குமணி மஞ்சள் காமாலையில் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பதினோரு நாளும் அவனுக்கு வரிசை மாறாமல் நினைவிருந்தது. வலிக்கத்தான் இல்லை. பல் பிடுங்கியவனுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, அது இறங்காமலே நின்றுவிட்டது போல இருந்தது. கன்னத்தைக் கிள்ளினால் யாருடைய கன்னத்தையோ கிள்ளுவது மாதிரி.

சைலன்சர் மாற்ற வந்தது அவனுக்காக அல்ல. கோகிலாவுக்காக.

கோகிலாவுக்கு மூன்று வயது. கரையாம்புத்தூரில் ருக்குமணியின் அக்கா அமிர்தம் வீட்டில் இருந்தாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகத்தான் அங்கே போனார்கள். சாயங்காலம் ருக்குமணிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, புல்லட்டின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோகிலா தெருவில் நின்று கையாட்டினாள். அம்மாவை அவள் பார்த்தது அதோடு சரி. சாவுக்கு அவளைத் தூக்கிவரவில்லை. பச்சைப்பிள்ளை பயந்துவிடும் என்றார்கள்.

அவள் கேட்டபோதெல்லாம் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அம்மா ஊசி போட்டுக்கினு அப்பா வண்டியில வந்துடும்."

அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாய்க்கால் பாலத்தில் புல்லட் சத்தம் கேட்டதும் கோகிலா தெருவுக்கு ஓடிவந்தாள். அப்பாவைப் பார்ப்பதில்லை. பின் சீட்டைப் பார்ப்பாள். காலியாக இருக்கும். கையால் தட்டிப் பார்ப்பாள். பிறகு ஆரம்பிக்கும் அழுகை, குடித்த பாலை வாந்தி எடுக்கும்வரை ஓயாது. திங்கட்கிழமை காய்ச்சல் அடிக்கும். அவன் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவதால் அந்தக் காய்ச்சலை அவன் பார்த்ததில்லை. அமிர்தம் சொல்லித்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டு ஓடிவந்தவள், எதிரே வந்த கரும்பு வண்டியின் மாட்டுக்கால்களுக்கு இடையில் விழுந்தாள். வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

அன்று அமிர்தம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வருசம் நீங்க இந்தப் பக்கம் வராம இருங்க."

"ஒரு வருசமா?"

"அந்த வண்டிச் சத்தம் கேட்டாத்தான் அதுக்கு அம்மா நெனப்பு வருது. மத்த நாள்ல நல்லாத்தான் கெடக்குது. கோழிகிட்ட பேசிக்கினு, என்கிட்ட கத பேசிக்கினு. கேக்காம இருந்தா மறந்துடும்."

அவனையும் மறந்துவிடும் என்பதை அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அமிர்தத்துக்குப் பிள்ளை இல்லை. அவள் கெட்டவளும் இல்லை.

"பஸ்ல வர்றேன்க்கா."

"ஆலையிலேர்ந்து அறுவடை நேரத்துல பஸ்ஸைப் புடிச்சி எப்ப வந்து சேருவீங்க?"

அவன் சாதத்தைப் பிசைந்தான். பிறகு சொன்னான்: "சைலன்சர் ஓட்டை ஆயிடுச்சி. அதான் இவ்ளோ சத்தம். வேற போட்டுக்கினு வர்றேன். சத்தம் கேக்காது."

அமிர்தம் யோசித்தாள். "சரி. ஒரு வாட்டி பாக்கலாம். அப்பவும் ஓடியாந்து சீட்டைத் தட்டினா, நான் சொன்னதுதான்."

இதையெல்லாம் அவன் பாயிடம் சொல்லவில்லை. எது சத்தம் கம்மி என்று மட்டும் இரண்டாம் தடவை கேட்டான்.

"பூட்டிக் காட்டிடறேன், நீங்களே கேட்டுக்குங்க," என்றார் பாய்.

துருப்பிடித்த பழைய சைலன்சரைக் கழற்றி ஓரமாகப் போட்டார். முதலில் பாட்டிலைப் பூட்டினார். அம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, ஒரே மிதியில் எழுப்பினார். சிவப்பிரகாசம் வண்டியின் பக்கத்தில் நிற்காமல் நடக்க ஆரம்பித்தான். நான்கு மின்கம்பம் தாண்டி நின்று, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டான். நெஞ்சுக்கூட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல வந்தது. கையை வேண்டாம் என்று ஆட்டினான்.

திரும்பி வந்தபோது செல்லக்கண்ணு பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பாட்டில எடுத்து வையி பாய். எனக்கு அதான். நான் ஏரிக்கரையில வரும்போதே என் சம்சாரம் வாசல்ல வந்து நிக்கணும்."

"வாசல்ல நிப்பாங்களோ, தோட்டத்துக் கதவைத் தொறப்பாங்களோ, யாரு கண்டா?"

"எதுக்குய்யா தொறக்குறா?"

"உங்க கிட்டேர்ந்து தப்பிச்சி ஓடத்தான். முன்னாடியே சத்தம் குடுத்துட்டா அவங்களுக்கும் சவுரியம் பாருங்க."

செல்லக்கண்ணு தொடையில் தட்டிச் சிரித்தார். சிவப்பிரகாசத்தையும் பார்த்தார், சிரிக்கிறானா என்று. அவன் மீன்வாலைக் காட்டினான்.

மீன்வாலில் சத்தம் குறைந்தது, ஆனால் முடியும் இடத்தில் ஒரு இழுப்பு இருந்தது. நான்காவது கம்பம் வரை அந்த இழுப்பு வந்தது. மூன்றாவதைப் பூட்டினார்கள். இது தணிவாக, கம்பளிக்குள் இருமுவது போலக் கேட்டது. அவன் ஐந்தாவது கம்பத்துக்குப் போனான். ஆறாவதுக்கும் போனான். அங்கேயும் கேட்டது. வாய்க்கால் பாலத்திலிருந்து அமிர்தம் வீட்டுக்கு இவ்வளவு தூரம்தான் இருக்கும்.

"இன்னும் கம்மி பண்ண முடியாதா பாய்?"

"இதுக்கு மேல இன்னா சார் கம்மி பண்றது? புல்லட்டுன்னா நெஞ்சு இருக்கத்தான் செய்யும்."

"கொஞ்சம் கூடவா முடியாது?"

பாய் செல்லக்கண்ணுவைப் பார்த்துக் கண்ணடித்தார். "முடியும். ரெண்டு கை தேங்கா நாரை எடுத்து சைலன்சர் வாய்ல வச்சி அடைச்சிக்கினு போங்க. கப்புசிப்புன்னு ஆயிடும்."

செல்லக்கண்ணு மறுபடி தொடையில் தட்டினார்.

சிவப்பிரகாசம் தலையாட்டினான். மூன்றாவதையே நன்றாக முடுக்கச் சொல்லி, பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லியனூர் வீட்டிலிருந்து புறப்பட்டான். நெட்டப்பாக்கம் தாண்டினால் சாலையின் ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. கரும்புக்கு எல்லை கிடையாது. அது பாட்டுக்கு இரு பக்கமும் நின்றது. முற்றிய கரும்பு எது, முற்றாதது எது என்று கண் தானாகப் பார்த்துக்கொண்டு வந்தது.

கரையாம்புத்தூருக்கு ஒரு மைல் இருக்கும்போது தென்னந்தோப்போரம் நிறுத்தினான். தேங்காய் மட்டைகள் உரித்துப் போட்டுக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கல்லில் அடித்து நார் பிரித்தான். பாய் சொன்னதை அவன் யோசனையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருவர் கிண்டல் செய்தால், அது கிண்டல் என்பது இப்போதெல்லாம் அவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இது இன்னும் உறைக்கவில்லை.

நாரைச் சுருட்டிச் சைலன்சரின் வாயில் திணித்தான். குச்சியால் குத்தி இறக்கினான். இன்னொரு கை திணித்தான். காற்றுத் தள்ளிவிடாமல் இருக்க டூல்ஸ் பெட்டியிலிருந்து கட்டுக்கம்பி எடுத்துக் குறுக்கே கட்டினான். விரல் சூடான தகட்டில் ஒட்டியது. தோல் பொசுங்கிய பிறகுதான் கையை எடுக்கத் தோன்றியது.

வண்டி எழும்பியது. பாய் சொன்னது உண்மைதான், சத்தமே இல்லை. சங்கிலி ஓடுவது கேட்டது, வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கேட்டது. இரண்டு பர்லாங் போயிருப்பான். பின்னால் தேங்காய் நார் கருகும் வாடை வந்தது. திரும்பிப் பார்த்தான். புகைபோட்டுக்கொண்டு வந்தது வண்டி. இஞ்சின் இரண்டு தரம் விக்கியது, மூச்சு விட வழியில்லாமல் நின்றுபோயிற்று.

கிக்கரை மிதித்தான். இருபது மிதி மிதித்திருப்பான். நாரை இழுத்துப் பார்த்தான். வெளியில் இருந்தது கையோடு வந்தது, உள்ளே போனது தீய்ந்து கெட்டியாகிப் பிடித்துக்கொண்டது.

மணி பதினொன்று. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் போட்டுத் தள்ள ஆரம்பித்தான்.

புல்கட்டோடு எதிரே வந்த ஒருத்தி ஒதுங்கி நின்றாள். "இன்னாபா, பெட்ரோலு பூட்சா?"

"இல்ல. நாரு வச்சிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு நடந்தாள்.

வாய்க்கால் பாலம் ஏற்றம். அங்கே மட்டும் நின்று மூச்சு வாங்கினான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இடத்தில் சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடிவருவாள். இன்று டயர் மண்ணில் அரைபடுவது தவிர ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் நுழைந்தான். ஒரு நாய்கூடத் திரும்பவில்லை.

கோகிலா வாசலில் கோழிக்கூடை பக்கத்தில் குந்தியிருந்தாள். உள்ளே கையை விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அமிர்தம் கதவோரம் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை அவள் கவனித்தது முகத்தில் தெரிந்தது.

வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது கோகிலா நிமிர்ந்தாள்.

எழுந்து ஓடிவந்தாள். அவனைத் தாண்டினாள். பின் சீட்டைப் பார்த்தாள். எக்கி, கையை நீட்டி, தட்டினாள். வெயிலில் வந்த ரெக்சின் சுட்டிருக்க வேண்டும். கையை எடுத்து ஊதிக்கொண்டு மறுபடி தட்டினாள்.

"சத்தமே வரலியே தம்பி," என்றாள் அமிர்தம்.

"வரல."

அவள் கையிலிருந்த முறத்தைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"அம்மா எங்க?" என்றாள் கோகிலா. உதடு பிதுங்க ஆரம்பித்தது.

அமிர்தம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவன் அதற்குள் ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தரையில் குந்திவிட்டான். முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக இருந்தது.

"அம்மா வராது கண்ணு."

"எப்ப வரும்?"

"வரவே வராது. செத்துப்போச்சு."

அந்தச் சொல்லை அவன் இதற்கு முன் சொன்னதில்லை. லீவு கடிதத்தில் காலமானார் என்று எழுதியிருந்தான். ஆலையில் தவறிட்டாங்க என்றான். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சாவைப் பதியும் அச்சடித்த தாளில், காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டான். இப்போது சொன்னபோது வாய்க்குள் கல் இடறியது மாதிரி இருந்தது. ஆனால் வெளியே வந்துவிட்டது.

"இன்னா தம்பி, பச்சப்புள்ளகிட்ட," என்றாள் அமிர்தம். குரல் அடங்கியிருந்தது.

கோகிலா பிதுக்கிய உதட்டை உள்ளே இழுத்தாள். அவனை இப்போதுதான் பார்த்தாள்.

"கோழிக்குஞ்சு செத்துப்போச்சே, அந்த மாதிரியா?"

எந்தக் கோழிக்குஞ்சு என்று அவனுக்குத் தெரியாது. "ஆமா," என்றான்.

"எறும்பு மொய்ச்சிதா?"

"இல்ல. மஞ்சக் காமாலை. ஒடம்பு பூரா மஞ்சளாயிடுச்சி."

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க. நெறையப் போட்டாங்க. சரியாவல."

"பெரிப்பா குழி தோண்டிச்சே. அம்மாக்கும் தோண்டினீங்களா?"

"தோண்டினோம்."

அவள் சீட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கன்னத்தில் இருந்த கரியை விரலால் தொட்டு, அந்த விரலைத் தன் பாவாடையில் துடைத்தாள். பிறகு தெருப்பக்கம் திரும்பினாள். அமிர்தத்தின் புருஷன் சுப்பராயலு கழனியிலிருந்து வந்துகொண்டிருந்தார். கோகிலா அவரிடம் ஓடினாள்.

"பெரிப்பா, எங்கம்மா செத்துப்போச்சு. கோழிக்குஞ்சு மாதிரி."

ஏதோ சேதி கிடைத்த மாதிரிதான் சொன்னாள். சுப்பராயலு நின்றார். தோளில் இருந்த மண்வெட்டியை மெல்ல இறக்கித் தரையில் வைத்தார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வண்டியைப் பார்த்தார்.

அமிர்தம் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாகக் குழந்தைக்கு எதிரில் அவள் அழுததில்லை. கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். இன்று வாசலில், தலையில் அடித்துக்கொண்டு, தங்கச்சி பேரைச் சொல்லி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். கோகிலா அருகே போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு அவளும் அழுதாள். வாந்தி வரவில்லை. பெரியம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, பெரியம்மா நிறுத்தியபோது நிறுத்தினாள்.

சிவப்பிரகாசம் குந்திய இடத்திலேயே இருந்தான். தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. விரல் மட்டும் எரிந்தது. தென்னந்தோப்போரம் சுட்ட விரல், இப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டான்.

சுப்பராயலு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து சைலன்சரின் வாயை மோந்து பார்த்தார். கம்பியைப் பிரித்து, நீளக் கம்பி ஒன்றை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். கருகிய நார் கொத்துக் கொத்தாக வந்தது.

"இன்னா சகலை, இது இன்னா உள்ள?"

"தேங்கா நாரு."

"எதுக்கு?"

"சத்தம் வராம இருக்க. பாய் சொன்னாரு."

"எந்த பாயி? அந்தாளு உன்ன வச்சி நல்லா சிரிச்சிருக்காரு போ." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "படிச்சவன்தானே நீ?"

சிவப்பிரகாசத்துக்குப் பட்டறையில் பாய் கண்ணடித்தது இப்போது உறைத்தது. செல்லக்கண்ணு தொடையில் தட்டியதும். வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். கோகிலா அவன் தட்டிலிருந்தே உருண்டை வாங்கித் தின்றாள். சுப்பராயலு மட்டும் தெருவில் இருந்தார். கையை வைத்த வேலையை முடிக்காமல் சாப்பிட மாட்டார். திடீரென்று வண்டி எழும்பியது. சைலன்சர் தணிந்ததுதான், ஆனாலும் புல்லட் புல்லட்தான். தட்டின் பக்கத்தில் இருந்த டம்ளர் லேசாக அதிர்ந்தது. அமிர்தம் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

கோகிலா தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். கால் ஒன்று எழுந்திருக்க மடங்கியது. சிவப்பிரகாசம் கையில் உருண்டையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா இங்க கீது," என்றாள் அவள், தனக்குத்தானே கணக்குப் போடுவது போல. "பெரிப்பா ஓட்டுது."

வாயைத் திறந்தாள். அவன் உருண்டையை வைத்தான்.

அமிர்தம் ரசம் ஊற்றினாள். முகம் வீங்கியிருந்தது. அவனைப் பார்க்காமல் சொன்னாள். "இப்ப ஒண்ணும் தெரியாது தம்பி. ராவுக்குத்தான் தேடும். அழுவும்."

"அழும்," என்றான்.

"திங்கக்கெழம காய்ச்சல் வந்தாலும் வரும்."

"எத்தன மணிக்கு வரும்?"

"விடிகாலையில."

அவன் மோர் ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினான். "நாளைக்கு ஆலைக்கு லீவு சொல்லிடறேன்க்கா. ஒரு பாய் மட்டும் குடுங்க. புள்ள பக்கத்துலயே படுத்துக்கறேன்."

அமிர்தம் மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு செம்பைக் கீழே வைத்தாள். உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு பாயை இறக்கித் தூசி தட்டும் சத்தம் கேட்டது.